"நோட்டரி பதிவு" என்று சொன்னால் உஷார்

செங்கல்பட்டு பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்றுக்கு 2021-இல் 3 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். தரகர், "கிரய ஒப்பந்தத்தை இன்னைக்கே பதிவு பண்ணிடலாம் சார்" என்றார். பதிவு என்றதும் சார்பதிவாளர் அலுவலகம் என்றுதான் நினைத்தேன். கூட்டிப்போனதோ கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்த நோட்டரி வக்கீலிடம். 20 ரூபாய் முத்திரைத்தாள், வட்டமாக ஒரு சிவப்பு சீல், ஸ்டிக்கர், பேனாவால் ஒரு வரிசை எண். கேட்டதற்கு, "இதுவும் பதிவுதான் சார், அவர் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டாரே" என்றார். ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன், அதுதான் கொடுமை.

எட்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்று, அதாவது மனை மீது பதிவான ஆவணங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால், மனை வேறொருவர் பேரில் கிரயமாகியிருக்கிறது. என் ஒப்பந்தம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எப்படி இருக்கும்? நோட்டரி சான்று சொல்வது, இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும்தான். 1908 பதிவுச் சட்டம் சொல்லும் பதிவு வேறு. இரு தரப்பும் சார்பதிவாளர் முன் ஆஜராகி, ஆவணம் 1-ஆம் புத்தகத்தில், அதாவது சொத்து ஆவணங்களுக்கான பதிவேட்டில், ஏற வேண்டும். வில்லங்கச் சான்று அங்கிருந்துதான் வருகிறது. கிரயத்துக்கு மட்டும்தான் பதிவு கட்டாயம் என்று நான் இருந்தேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்துக்கும் கட்டாயமாம்.

சரி, அந்தத் தாள் குப்பையா? முழுக்க இல்லை. பதியாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. "மனையை மறந்துடுங்க, பணத்தைக் கேளுங்க" என்றார் நான் பார்த்த வக்கீல்.

பதிவான ஆவணமென்றால் ஆவண எண், ஆண்டு, "1 புத்தகம்" என்ற குறிப்பு, சார்பதிவாளர் கையெழுத்து எல்லாம் இருக்கும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். ஒப்பந்தம் போட்ட மறுவாரமே பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை ஒன்றரை லட்சம் திரும்பியிருக்கிறது. மீதிக்கு எழுதித் தருகிறேன் என்கிறார் மனைக்காரர். எங்கே என்று கேட்டேன். அதே நோட்டரியிடமாம்.