ஹூஸ்டனில் 'சோனிங் இல்லை' என்ற பேச்சை நம்பி டிரெய்லரை நிறுத்தாதீர்கள்

டிராவல் டிரெய்லரையே, அதாவது இழுத்துச்செல்லும் வீட்டு வண்டியையே, வீடாக்கிக்கொண்டு, ஆர்.வி. பார்க்குக்கு (ஆர்.வி. எனப்படும் இத்தகைய வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் இடம்) வெளியே, யாருடைய வீட்டுப் பின்புறத்திலாவது வாடகைக்கு இடம் பிடித்து வாழலாம் என்று ஊர் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சஸின் ஹூஸ்டனை மனத்தில் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள். எங்களிடம் 4,200 டாலர் வாங்கிக்கொண்ட மனிதர் அதே இடத்தை இப்போது இன்னொரு குடும்பத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

என் கணவருக்கு ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் ஊர் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் குத்தகை முறித்து, சாமான் கட்டி, வைப்புத்தொகையை இழந்து அலுத்துப்போய்த்தான் டிரெய்லர் வாழ்க்கைக்கு வந்தோம். பத்து வயதைத் தாண்டிய வண்டியைப் பல பார்க்குகளில் சேர்ப்பதில்லை. எங்கள் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. எனவே தனியார் மனைதான் எங்களுக்கு வழி.

எந்தப் பகுதி நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது சோனிங் சட்டம். அமெரிக்கப் பெருநகரங்களில் அது இல்லாதது ஹூஸ்டன். 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்புக்கு வந்தும் மக்கள் அதை ஏற்கவில்லை. இது உண்மை. இந்த உண்மையை வைத்தே அந்த மனைக்காரர் எங்களைப் பிடித்தார். "இந்த ஊரில் சோனிங்கே கிடையாது. என் மனையில் நான் எதை வைத்தாலும் கேட்க ஆளில்லை" என்றார். 30 ஆம்ப் மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் தயார் என்று கையெழுத்திட்ட தாளும் கொடுத்தார். மாதம் 700 டாலர், ஆறு மாத வாடகை முன்பணம். போன் செயலி வழியாக அனுப்பச் சொன்னார், அனுப்பினோம்.

முதல் நாள் மாலையே மின் இணைப்பு எங்கள் வண்டியைச் சுட்டது. 30 ஆம்ப் ஆர்.வி. சாக்கெட்டில் வர வேண்டியது 120 வோல்ட். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் 30 ஆம்ப்தான், ஆனால் அதற்கு 240 வோல்ட். பழைய உலர்த்திச் சாக்கெட்டும் இதைப் போலவே மூன்று துளைகளோடு இருக்கும். ஆர்.வி. பழக்கமில்லாத ஆள் '30 ஆம்ப்' என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு 240 வோல்ட்டை இழுத்துவிடுவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற விபத்து. அன்று எங்களுக்கும் அதுவே நடந்தது. பிளக்கைச் செருகியதும் மைக்ரோவேவின் எண்கள் பளீரென்று எரிந்து அணைந்தன. ஃபியூஸ் பெட்டியின் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறப் புகை வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கணவர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, மீட்டரை வைத்துப் பார்த்தார்: 243. பேட்டரிக்கு மின்சாரம் மாற்றித்தரும் கன்வெர்ட்டர், ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, மைக்ரோவேவ் மூன்றும் போயின. கூரை ஏ.சி. அந்த நேரம் ஓடாமல் இருந்ததால் தப்பியது. மனைக்காரரிடம் சொன்னபோது, "உங்கள் வண்டி பழசு" என்றார். இணைப்பைப் போட்டது யார், பெர்மிட் எடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

கழிவுநீர் விஷயம் இதைவிட மோசம். வேலியோரம் தரையிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. திருகுமூடியெல்லாம் போட்டு, பார்க்க ஒழுங்காகவே இருந்தது. அதில்தான் வண்டியின் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். ஒரு மழைக்குப் பிறகு நாற்றம் தாங்காமல் வேலிக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். ஹூஸ்டனின் பழைய குடியிருப்புகளில் தெருவோரம் திறந்த மழைநீர்ப் பள்ளங்கள் உண்டு. அந்தக் குழாயின் மறுமுனை புல்லுக்குள் மறைந்து அந்தப் பள்ளத்தில் வாய் திறந்திருந்தது. மாநகராட்சிச் சாக்கடையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மழை நின்றதும் தவளை பிடிக்க இறங்கும் பள்ளம் அது. எங்கள் பணம் போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். அந்தப் பிள்ளைகளின் காலடியில் எங்கள் கழிவை ஓடவிட்ட அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியாது. அன்றே குழாயை மூடிவிட்டு, சக்கரம் வைத்த சிறு தொட்டி வாங்கி, கழிவைப் பொதுக் கழிவுநீர் நிலையத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினோம்.

பிறகு கடிதம் வந்தது. மனைக்காரர் பெயருக்கு வந்த மாநகராட்சிக் கடிதத்தை அவர் எங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். சோனிங் இல்லாத ஹூஸ்டனில் அதன் இடத்தில் நிற்பது டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன், அதாவது அந்தக் குடியிருப்பு உருவானபோது மனைகளின் மேல் பதிவு செய்யப்பட்ட கட்டுப்பாடு. வீட்டு உரிமையாளர் சங்கமோ அயலவரோதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. ஹூஸ்டன் மாநகராட்சியின் சட்டப் பிரிவே நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். அந்த மனைப் பிரிவின் பதிவேட்டில் இருந்தது ஒரே வரி: டிரெய்லர், கூடாரம், கொட்டகை, கேரேஜ் எதையும் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருப்பாகப் பயன்படுத்தக் கூடாது. கடிதத்தின் கீழ்ப்பகுதியில் இதே மனைக்கு முன்பு அனுப்பிய எச்சரிக்கையின் தேதி குறிப்பிடப்பட்டிருந்தது. அது நாங்கள் பணம் அனுப்பியதற்கு முந்தைய தேதி. ஆக, எல்லாம் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். பணத்தைக் கேட்டபோது, "நோட்டீஸ் உங்கள் வண்டிக்கு வந்தது, என் வீட்டுக்கு அல்ல" என்று சொல்லிவிட்டு எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது.

ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதுபோல, இங்கே வாடகைக்கு இடம் பிடிக்கும்போதும் பார்த்தாக வேண்டும். ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) வருகிறது. அதன் கிளார்க் அலுவலகப் பதிவுகளை இணையத்தில் தேடலாம். மனைப் பிரிவின் பெயர், பிளாக் எண், மனை எண் மூன்றையும் உரிமையாளரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நகர எல்லைக்கு வெளியே போனால் கட்டுப்பாடு இருக்காது என்றும் சிலர் சொல்வார்கள். டெக்சஸ் கவுன்டிகளுக்குச் சோனிங் அதிகாரம் பெரும்பாலும் இல்லை என்பது சரி. ஆனால் பத்திரக் கட்டுப்பாடு அங்கேயும் உண்டு. செப்டிக் தொட்டிக்கு அனுமதி இல்லாமல் கழிவை நிலத்தில் விடவும் முடியாது.

விதி அதிகமுள்ள ஊரே நமக்கு நல்லது என்பதுதான் இப்போது என் கருத்து. ஓரிகனின் போர்ட்லண்டில், வீடு இருக்கும் மனையில் ஒரு ஆர்.வி.யில் ஆள் குடியிருக்கலாம் என்று 2021 ஆகஸ்ட் முதல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உள்ளே குழாய் வசதி உள்ள வண்டியின் கழிவுநீருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அங்கே வாடகை கூடுதல், குளிர்கால மழையும் ஓயாது. ஆனாலும் கையில் காட்ட ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸும் 2019 டிசம்பரில் சக்கரம் வைத்த சிறு வீடுகளுக்கு வழிவிட்டது. ஆனால் அந்த நிபந்தனைகளில் நம் வழக்கமான டிராவல் டிரெய்லர் தேறுவது கடினம். "அனுமதி உண்டு" என்று யாராவது சொன்னால், எந்த வகை வண்டிக்கு என்று கேளுங்கள்.

இடம் பிடித்த பிறகும் பிளக்கைச் செருகும் முன் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். 120-க்கு மேல் கணிசமாக ஏறினால் தொடாதீர்கள். மின்அழுத்தம் தவறாக இருந்தால் மின்சாரத்தை உள்ளேயே விடாத பாதுகாப்புக் கருவி சில நூறு டாலர்களுக்குக் கிடைக்கிறது. எங்களுக்கான பழுதுச் செலவு அதைப்போல் பல மடங்கு.

டெக்சஸில் 20,000 டாலர் வரையிலான பணத் தகராறை ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். தொடுத்திருக்கிறோம். அவர் கையெழுத்திட்ட தாள், மீட்டர் காட்டிய எண்ணின் படம், பள்ளத்தில் திறந்திருந்த குழாயின் படம், மாநகராட்சிக் கடிதம் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. குழாயைப் பற்றி மாநகராட்சியின் 311 எண்ணிலும் தனியாகப் புகார் கொடுத்துவிட்டோம்.

ஹூஸ்டன் பக்கம் இப்படி ஓர் இடத்தைப் பேசி முடிக்கும் நிலையில் யாராவது இருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள். பதிவேட்டில் தேடுவது எப்படி என்று கூடவே இருந்து சொல்லித்தருகிறேன்.