ஆண்டீஸ் மலை ஷார்டனே, மதுரை வெயிலில்

ஒயின் என்றால் சிவப்பாக இருக்கும், இனிக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம், காசும் போகும், மனசும் கசக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அர்ஜென்டினாவின் கத்தேனா சபாத்தா ஒயின் நிறுவனம், தன் அட்ரியானா தோட்டத்துப் பழத்தில் எடுக்கும் ‘ஒயிட் போன்ஸ்’ ஷார்டனே (ஷார்டனே என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் எடுக்கும் ஒயினுக்கும் அதே பேர்) நான் குடித்த வெள்ளை ஒயின்களிலேயே ரொம்ப விறைப்பானது, அதாவது நல்ல புளிப்பு. பிடித்ததும் அதனால்தான்.

சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக வரும். இங்கே டாஸ்மாக் எலைட் கடைகளில் இது என் கண்ணில் பட்டதில்லை. விலை நூறு அமெரிக்க டாலருக்கு மேல்; அதைக் கேட்டதும் வீட்டில் நடந்த பேச்சை விட்டுவிடுவோம்.

தோட்டம் மெண்டோசா மாநிலத்தில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில், குவால்தயாரி என்ற பகுதியில் இருக்கிறது. உயரம் சுமார் 1,450 மீட்டர். 1992இல் நிக்கோலஸ் கத்தேனா அங்கே கொடி நடப் போனபோது, இந்தக் குளிரில் பழம் பழுக்கவே பழுக்காது என்றுதான் சொன்னார்களாம். நம் கொடைக்கானல் 2,100 மீட்டர், இந்தத் தோட்டம் அதைவிடத் தாழ்வுதான். ஆனால் அந்த இடம் பூமத்திய ரேகைக்கு 33 டிகிரி தெற்கே இருப்பதால் அங்கே நிஜமாகவே குளிர்காலம் வரும், கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு அந்தத் தூக்கமே கிடையாது, கவாத்து செய்து செய்து வருஷம் முழுக்கப் பழம் எடுக்கிறார்கள்.

பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி குளிர். சூடான ஊர்களில் பழுக்கும்போதே பழத்தின் புளிப்பு கரைந்து போய்விடும், அங்கே ராத்திரிக் குளிர் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் மண். திருமங்கலம் தாண்டிக் கரிசலில் கிணறு தோண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கட்டி வருமே, சுக்கான், கிட்டத்தட்ட அந்த வகைதான்: காய்ந்த பூமியில் தண்ணீர் ஆவியாகிப் போய்ச் சுண்ணாம்பு மட்டும் தங்கிக் கெட்டிப்பட்டது. அதோடு பழங்கால விலங்குகளின் எலும்புகளும் படிந்து கிடப்பதால்தான் ஒயினுக்கு வெள்ளை எலும்பு என்று பேர். பிரான்சில் ஷார்டனே ஒயினுக்குப் பேர்போன ஷாப்லி ஊர்ச் சுண்ணாம்பு வேறு கதை, அது கடலடியில் சிப்பிகளோடு சேர்ந்து படிந்தது.

இந்தச் சுண்ணாம்பு வேர் வழியாக ஏறி, பழத்தில் புகுந்து, நேராக நம் நாக்குக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வாருங்கள். ஒயினில் கரைந்திருக்கும் தாதுக்கள் நாக்குக்குத் தெரிகிற அளவில் இருப்பதில்லை. அந்த மண் செய்வது வேறு வேலை. அதிகத் தண்ணீரைக் கீழே விட்டுவிடும், கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும், கொடியைச் செழிக்க விடாது. கொடி மெலிந்தால் பழம் சின்னது, சாறு அடர்த்தி.

சரி, கிளாஸுக்கு வருவோம். நிறம் வெளிறிய மஞ்சள், ஓரத்தில் லேசான பச்சை. முதல் மோப்பத்தில் நாரத்தங்காய்த் தோல், பச்சை ஆப்பிள். கொஞ்சம் பொறுத்தால், புதிதாக வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு வாசனை. இந்த வகை ஒயினில் மல்லிகை மணக்கிறது என்று எழுதுகிற விமர்சகர்கள் உண்டு, மதுரைக்காரனிடம் அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பல ஷார்டனேக்களில் தூக்கலாக வரும் வெண்ணெய் வாசனை இதில் கிட்டத்தட்ட இல்லை. அது பழத்திலிருந்து வருவதில்லை, பச்சை ஆப்பிள் புளிப்பைப் பால் புளிப்பாக மாற்றும் பாக்டீரியாவின் வேலை. மரப்பீப்பாய் வாடையும் லேசாகத்தான்.

வாயில் வைத்தவுடன் மச்சினன் முகம் சுளித்து, “என்ன மாமா, இப்படிப் புளிக்குது?” என்றான். புளிப்புதான், கன்னத்து ஓரங்களில் எச்சில் ஊறுகிற அளவுக்கு. ஆனால் விழுங்கின பிறகு லேசாக உப்புக் கரிக்கிற ஒரு ருசி நாக்கில் வெகுநேரம் நிற்கிறது, பணம் அதற்குத்தான். அரைமணி நேரம் கழித்து அதே கிளாஸில் வறுத்த பாதாம் வாசனை எட்டிப் பார்த்தது, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்று அவனே நீட்டினான்.

ஒரு முக்கியமான விஷயம், குளிர்ச்சி. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வாசனை ஒன்றும் எழாது, வெறும் புளித்தண்ணீர். 10லிருந்து 12 டிகிரி சரியாக இருக்கும். சித்திரையில் மதுரையில் அதற்குப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் போதும், மறந்துவிட்டு டிவி பார்த்தால் வெந்நீர். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். ஐஸ் போடாதீர்கள். ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் வெள்ளை ஒயின் கேட்டபோது கேட்காமலே இரண்டு கட்டி போட்டுக் கொடுத்தார்கள், சண்டை போடத் தெம்பில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

தொட்டுக்கொள்ள? கறிதோசை, சுக்கா, மிளகாய்த்தூள் தூக்கின எதுவும் ஆகாது. ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், ஒயினும் காணாமல் போகும். ராமநாதபுரத்து விளமீனை உப்பு, கொஞ்சம் மிளகு மட்டும் போட்டுக் கல்லில் வாட்டினோம், எலுமிச்சை பிழியவே தேவைப்படவில்லை. நண்டு அவித்தும் பார்க்கலாம். மிச்சத்தை மூடி பிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நன்றாகவே இருக்கிறது.

இவ்வளவு விலை கொடுத்து அடிக்கடி வாங்க என்னால் முடியாது. ஷார்டனே புதிதாகக் குடிக்கிறவர்கள் சாதாரண ஷாப்லியில் ஆரம்பியுங்கள், பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும், மச்சினனிடம் அடுத்த தடவைக்கு நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.