‘ஐ ஆம்’, ‘ஐம்’: எதை எங்கே சொல்வது?

சேலத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் ‘ஐ ஆம்’, ‘ஷீ இஸ்’ என்று பிரித்துச் சொல்வதே சுத்தம், ‘ஐம்’, ‘ஷீஸ்’ என்று சேர்ப்பது சோம்பல் என்கிறார்கள். பேச்சைப் பொறுத்தவரை இதை என்னால் ஏற்க முடியவில்லை. சேர்த்துச் சொல்வதுதான் பேச்சு ஆங்கிலத்தின் இயல்பு. பிரித்து அழுத்தினால் தொனியே மாறிவிடும்.

ஏற்காட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணி, கார் இன்னும் வரவில்லையே என்று போன் செய்கிறார். ஓட்டுநர் ‘ஐம் கமிங்’ என்றால் ‘வருகிறேன்’ என்ற தகவல், அவ்வளவுதான். ‘ஐ ஆம் கமிங்’ என்று ‘ஆம்’மில் அழுத்தம் விழுந்தால், ‘அதுதான் வந்துகொண்டிருக்கிறேனே!’ என்று சிடுசிடுப்பதாகக் கேட்கும். மரியாதைக்காகப் பிரித்த பேச்சு இப்படி மனத்தாங்கலில் முடிய வேண்டுமா?

அதற்காக எங்கும் சேர்த்துவிடவும் கூடாது. ‘ஆர் யூ த கைடு?’ என்றால் ‘யெஸ், ஐ ஆம்’ என்பதே பதில். ‘யெஸ், ஐம்’ என்று அந்தரத்தில் நிறுத்த ஆங்கிலம் விடாது. ‘நோ, ஐம் நாட்’ மட்டும் சரி, பின்னால் ஒரு சொல் தாங்குகிறதல்லவா?

சேர்ப்பில் குழப்பமும் உண்டு. ‘ஷீஸ் இன் ஏற்காடு’ என்பதில் ஒளிந்திருப்பது ‘இஸ்’. ‘ஷீஸ் பீன் டு ஏற்காடு’ என்பதில் ‘ஹேஸ்’. ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’, ‘ஐட் கான்’ என்றால் ‘ஹேட்’. அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எழுத்தில் என் ஓட்டு பிரித்தெழுதுவதற்கே. செவ்வாய்ப்பேட்டை கொலுசு வியாபாரி வெளியூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ‘வீவ் சென்ட் இட்’ என்று தட்டலாம். விலைப்பட்டியலோடு போகும் கடிதத்தில் ‘வீ ஹேவ் சென்ட்’ என்பதுதான் பொருத்தம்.

அதிகம் பிழையாவது ‘இட்ஸ்’. ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சேர்ப்பாக வந்தால் எஸ்ஸுக்கு முன் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) வேண்டும்; ‘அதனுடைய’ என்றால் கூடாது. உச்சரிப்பு ஒன்றேயாதலால் காது உதவாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே ‘அதனுடைய’ என்பதற்கும் குறியிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே தடுமாறும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அந்த இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் நின்றால் குறியிடலாம், இடறினால் வேண்டாம்.