முன்கைகளுக்கு நடுவே ஒரு பந்து: மூன்று மாதம் பழகிய பிறகு

கோல்ஃப் பழகுகிறவர்கள் கழுத்தில் கயிறு மாட்டி, இரண்டு முன்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளும் ஊதுபந்து ஒன்று ஆன்லைனில் விற்கிறது. சின்னக் கால்பந்து அளவு இருக்கும். ஒரே பொருளைப் பல பெயரில் விற்கிறார்கள், அதனால் நான் வாங்கியது எது என்று எழுதவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஆனது. மூன்று மாதம், வாரத்துக்கு நாலு நாள், இதை மாட்டிக்கொண்டு அடித்திருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் அரை ஸ்விங்குக்கு, அதாவது மட்டையைப் பாதி தூரம் மட்டும் வீசி அடிப்பதற்கு மட்டும்தான்.

மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்த்தபோது அங்கிருந்த ஒரு டாக்டரம்மா எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டார். வேலையை விட்டுத் தேங்காப்பட்டணத்துக்குத் திரும்பிய பிறகு வீட்டுத் தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே அப்பாவின் பழைய மீன்வலையைக் கட்டித்தான் பழகுகிறேன். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. வலைக்கண் அதில் பாதி இருந்தால் தாராளமாக நிற்கும். வலையை இரண்டாக மடித்துத் தொய்வாகத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து நம்மைப் பார்த்தே திரும்பி வரும்.

என் தொல்லை ஸ்லைஸ், அதாவது அடித்த பந்து வலதுக்கு வளைந்து ஓடுவது. 7 அயர்ன் என்ற நடுத்தர மட்டையில் எப்படியோ சமாளித்துவிடுவேன், தூரமாக அடிக்கிற டிரைவர் மட்டையை எடுத்தால் தீர்ந்தது. தோப்பில் அடித்தால் பந்து வலையின் இடது ஓரத்தில் போய் விழும். எப்போதாவது திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள 9 குழி மைதானத்துக்குப் போகும்போதுதான் மீதிக் கதை தெரியும்: இடதுபக்கம் கிளம்பிய அதே பந்து பாதி வழியில் வலதுக்கு வளைந்து மரங்களுக்குள் போய்விடும். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. கிளப் (மட்டை) மேலே போய்த் திரும்பும் அந்த நொடியில் உடம்பு நகரும் முன்பே கையும் தோளும் முந்திக்கொள்கின்றன. கிளப் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, பந்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. தெரிந்தும் கை கேட்காது. அதற்காகத்தான் இந்த ஊதுபந்தை வாங்கினேன்.

முதல் நாள் 9 அயர்னில் பத்து அரை ஸ்விங் அடித்தேன், ஏழு தடவை ஊதுபந்து கையிலிருந்து நழுவியது. அது நழுவும் இடம்தான் இந்தச் சாமானின் உண்மையான பயன். கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது நழுவினால் வலது முழங்கை உடம்பை விட்டு வெளியே பறக்கிறது என்று அர்த்தம். அடித்து முடித்த உடனே நழுவினால், நெஞ்சு திரும்பாமல் பாதியில் நின்றுவிட்டது, போக இடமில்லாமல் இடது முழங்கை மடங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஏழில் ஆறு இரண்டாவது வகை. இவ்வளவு காலம் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், நின்றுபோனது உடம்பு! பக்கத்தில் ஆள் நின்று பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை ஒரு காற்றுப் பந்து சொல்லிவிட்டது. இரண்டு வாரத்தில் பத்துக்கு எட்டு நழுவாமல் நின்றது. நெஞ்சும் கையும் சேர்ந்து போவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குப் புரிந்தது.

அப்புறம் நான் செய்ததுதான் தப்பு. பெட்டியில் வந்த தாளில் முழு ஸ்விங்குக்கும் ஏற்றது என்று போட்டிருந்ததை நம்பி, டிரைவரையும் இந்த ஊதுபந்தோடு அடிக்க ஆரம்பித்தேன். பத்து நாளில் ஸ்லைஸ் போய்ப் புதிதாக ஒன்று வந்தது. பந்து நேராக வலதுக்குப் போகும், இல்லையென்றால் சட்டென்று இடதுக்குச் சுருண்டுவிடும். உடம்பு முன்னே சுழன்றுவிடுகிறது, நெஞ்சோடு ஒட்டவைத்த கை பின்னாலேயே மாட்டிக்கொள்கிறது.

அதற்கு விடை பொழிமுகத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், கிடைத்தது. அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் சாயங்காலம் வீச்சுவலையோடு ஆற்றுமுகத்துக்குப் போய்விடுவார். கூடப் போய் நின்று பார்த்தேன். வலையின் ஒரு பகுதி இடது தோளில், ஈயமணி கோத்த விளிம்பு வலது கையில். வீசப் போகிறார் என்பது முதலில் தெரிவது அவர் இடது காலில்தான். குதிகால் ஈரமணலில் அழுந்திப் பதிகிறது. அப்போது கை இன்னும் பின்னாலேயே இருக்கிறது. இடுப்பு திரும்புகிறது, அதன் பிறகு தோள் வருகிறது. கை கடைசியில் வந்து விரலை விடும்போது வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுகிறது. நான் வாங்கி வீசினால் குவியலாக விழுந்தது. அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “வலை கையிலயா இருக்கு மக்களே? கால்லல்லா இருக்கு.”

கிளப்பைக் கீழே இறக்கி அடிக்கும் டவுன்ஸ்விங்கின் வரிசையும் இதேதான். கிளப் பின்னால் போய் முடியும் முன்பே எடை இடது காலுக்கு வர ஆரம்பிக்கிறது. முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில் கிளப். முந்தினது வேகம் குறையக் குறைய அடுத்தது வேகம் எடுக்கிறது. நெஞ்சு முழுசாகத் திரும்பும் முன்பே வலது முழங்கை இடுப்புக்கு முன்னால் இறங்கி வந்துவிட வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களைப் பாருங்கள், பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்பு இலக்கின் பக்கம் நன்றாகத் திறந்திருக்கும், தோள் அந்த அளவுக்குத் திறந்திருக்காது. உடம்பும் கையும் சேர்ந்து வேலை செய்வது என்றால் ஒரே கட்டையாகச் சுழல்வது இல்லை. ஊதுபந்து நெஞ்சையும் கையையும் கட்டிப்போடும். காலும் இடுப்பும் முந்த வேண்டும் என்பதை அதனால் சொல்லித்தர முடியாது. இதெல்லாம் சுமார் கால் நொடியில் நடந்து முடிகிறது, அடிக்கும்போது யோசித்துச் செய்யவும் வழியில்லை.

இப்போது நான் செய்வது: ஊதுபந்தை மாட்டி 9 அயர்னில் இருபது அரை ஸ்விங். பிறகு பந்தைக் கழற்றி வைத்துவிட்டு, கால்களைச் சேர்த்து நின்று, கிளப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை முன்னே எடுத்துவைத்து அடிப்பது, அதே வீச்சுவலைக் கால். இதில் பதினைந்து. அப்புறம்தான் முழு ஸ்விங், டிரைவர் எல்லாம். தோப்பு வலையில் பந்து இப்போது நடுவில் விழுகிறது. போன தடவை கவடியாரில் டிரைவரில் அடித்த பந்து வளைந்தது, ஆனால் புல்வெளியை விட்டுப் போகவில்லை. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சாமானின் தரம் சுமார்தான். கயிற்றின் கொக்கி நம் கடற்காற்றில் மூன்று வாரத்தில் துருப்பிடித்தது, கழற்றி எறிந்துவிட்டு வலை முடியும் நைலான் நூலில் கட்டியிருக்கிறேன். வியர்வையில் கயிறு கழுத்தை அறுக்கும், காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முழங்கை வெளிப்பக்கம் வலி உள்ளவர்கள் பந்தை நெரிக்க வேண்டாம். நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். போட்டிக்குப் போகிறவர்கள் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. ஆட்டத்தின் நடுவே பழகுசாதனத்தோடு ஒத்திகை ஸ்விங் போட்டால் விதி 4.3-இன்படி தண்டனை உண்டு.

பத்து நாளுக்கு ஒரு தடவை காற்று இறங்கும். ஊதுகிற ஊசி பெட்டியில் வராது, கால்பந்துக்கு வாங்கும் ஊசியே இதற்கும் பொருந்துகிறது.