சுமந்து நடக்கும் போட்டிக்கு இளவட்டக்கல்லா, மணல் மூட்டையா?

பொங்கல் விளையாட்டில் பாரம் சுமந்து நடக்கும் போட்டி வைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

பிடிமானம்: ஊர் இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல் வழுவழுப்பான உருண்டை, விரல் நுழைய இடமில்லை. தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு அணைத்தால்தான் எழும். மூட்டையைப் பிடிப்பது எளிது. ஆனால் பத்தடி நடப்பதற்குள் மணல் ஒரு பக்கம் சரிந்து ஆளையும் சேர்த்துச் சாய்க்கும். நடைக்கு இதுவே கடுமையான சோதனை என்பேன்.

பருமன்: 100 கிலோ கருங்கல் உருண்டையின் குறுக்களவு சுமார் 41 செ.மீ. அதே எடையுள்ள உலர்ந்த மணல் 60 லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும்.

செலவு: கல்லுக்குக் கொத்துக் கூலி. மூட்டைக்கு இரட்டைச் சாக்கும் கோணி ஊசியும் போதும்.

உழைப்பு: கல் தலைமுறை தாண்டும். சாக்கு சில முறை விழுந்தாலே தையல் பிரியும்.

எடை: மூட்டையில் அள்ளிக் கூட்டலாம், குறைக்கலாம். பனியில் நனைந்தால் எடை ஏறிவிடும். போட்டியன்று காலையில் மறுபடி நிறுங்கள்.

இளவட்டக்கல் தோளில் ஏற்றிப் பின்னால் எறிவதற்கானது. நடக்கத் தோதான கல் வேறு: ஐஸ்லாந்தில் ஆட்டுப்பட்டியைச் சுற்றிச் சுமக்கும் ஹூசாஃபெல் கல் 186 கிலோ, தட்டையான முக்கோணம்.

எடையைக் குறைத்துக்கொள்ள முடிவதால், புதியவர்களும் பெண்களும் கலந்துகொள்ளும் போட்டிக்கு மூட்டை. நடக்கத் தோதில்லை என்றாலும், கல் தூக்கிப் பழகியவர்களுக்கு இளவட்டக்கல். ஆனால் ஓடுபாதையில் மணல் பரப்பாமல் வைக்காதீர்கள், நழுவினால் கால் விரல் தப்பாது.