கடவையா, பந்தா, புரோசசரா? டிஜிட்டல் டிசைன் செயற்றிட்டத்துக்கு எதை எடுப்பது

டிஜிட்டல் டிசைன் பாடத்தில் செயற்றிட்டத் தலைப்புக் கொடுக்கவேண்டிய கிழமை வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத் தேநீர்க் கடைகளில் ஒரே கதைதான். மூன்று பேர், ஒரு எஃப்.பி.ஜி.ஏ போர்ட் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப் உள்ள பலகை), பத்துக் கிழமை, எதைச் செய்வது? சுற்றிச் சுற்றி மூன்று யோசனைகளே வரும்: புகையிரதக் கடவை, திரையில் பந்து விளையாட்டு, சின்னதாக ஒரு புரோசசர். நான் நாலாவது ஒன்றையும் சேர்க்கிறேன். என் சாய்வு அந்த நாலாவதின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையில் இருப்பது பேசிஸ் 3 என்ற போர்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிக்ஸ்-7 சிப், 100 மெகாஹேர்ட்ஸ் கடிகாரம், 16 ஆளி, 16 எல்.ஈ.டி, நாலு இலக்கம் காட்டும் செவன் செக்மென்ட், திரையை இணைக்க வி.ஜி.ஏ வாய், சிப்புக்குள்ளேயே நினைவகமாக 1800 கிலோபிட் புளொக் ராம்.

புகையிரதக் கடவை என்றால் என்னவென்று கொக்குவில், கோண்டாவில் பக்கம் சைக்கிளில் போய் வருபவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மணி, சிவப்பு விளக்கு, தடை. ஐந்தாறு நிலைகள் கொண்ட ஒரு ஸ்டேட் மெஷின், அதாவது உள்ளீட்டைப் பார்த்து நிலைக்கு நிலை தாவும் சுற்று. எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம், இரண்டு திசையிலும் ரயில் வரும். அதனால் ஒரு ரயிலுக்கு நுழைவு சென்சராக இருப்பதே எதிர்ப்பக்கத்து ரயிலுக்கு வெளியேறும் சென்சர். கரண்ட் போய் வந்தால் மெஷின் எந்த நிலையில் விழிக்கவேண்டும் என்பதும் நல்ல கேள்வி: தடை மூடிய நிலையில்தான். சென்சருக்குப் பதில் பொத்தானை வைத்தால் அதன் அதிர்வையும் வடிகட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒரு அமுக்கலில் நாலு ரயில் போய்விடும். இவ்வளவும் இரண்டு கிழமை வேலை. மீதி எட்டுக் கிழமை என்ன செய்வது? "இதுக்கு அர்டுயினோ போதாதா?" (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்ட்) என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் பதில் இல்லை. கிணற்று மோட்டர், தண்ணீர்த் தாங்கித் தலைப்புக்கும் இதே கதி.

பந்து விளையாட்டுக்கு அந்தக் கேள்வி வராது. 640×480 திரைக்கு, ஓரங்களில் விடும் வெற்று நேரத்தையும் சேர்த்து, ஒரு வரிக்கு 800 கடிகாரத் துடிப்பு, ஒரு படத்துக்கு 525 வரி. நொடிக்கு 60 படம். ஏறத்தாழ 25 மெகாஹேர்ட்ஸ் வேண்டும், 100ஐ நாலால் பிரித்தால் சரி. முழுப் படத்தையும் நினைவகத்தில் வைக்கலாம் என்று நினைக்கும் குரூப் இங்கேதான் தடுக்கி விழும்: ஒரு புள்ளியின் நிறத்துக்கு 12 பிட், ஆக 640×480×12 என்றால் 36 இலட்சம் பிட்டுக்கு மேல், போர்டில் இருப்பது அதில் பாதி. அதனால் இந்தப் புள்ளி பந்துக்குள் விழுகிறதா, மட்டைக்குள் விழுகிறதா என்று ஓடுகிற ஓட்டத்திலேயே ஒப்பிட்டு நிறம் கொடுக்கவேண்டும். வன்பொருளாகச் சிந்திக்கப் பழக இதைவிட நல்ல பயிற்சி குறைவு. குறை ஒன்றுதான்: இணையத்தில் இதன் கோட் குவிந்து கிடக்கிறது. விரிவுரையாளரும் அந்தப் பந்தை நூறு தடவை பார்த்திருப்பார்.

புரோசசர் மானப்பிரச்சினை. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படைப் பகுதியில் 40 அளவு கட்டளைகள், 32 பதிவேடுகள். கடதாசியில் பார்த்தால் அடக்கமாகத்தான் தெரியும். எழுதுவதைவிடச் சோதிப்பதுதான் நேரத்தைத் தின்னும். எங்கள் குரூப் இதைத்தான் எடுத்தது. காட்டும் நாளில் 1 முதல் 10 வரை கூட்டிக் காட்டினோம். செவன் செக்மென்டில் வந்தது 37. பார்த்தவர் "55 அல்லவா?" என்றார். பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண்ணில் 55 என்பது 37 தான்; ஆனால் பதற்றத்தில் மூன்று பேருக்கும் அது வாயில் வரவில்லை. விளக்கத் தொடங்கியபோது கரண்ட் போய் வந்தது, போர்ட் வெறுமையாக விழித்தது. டிசைனை ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதி வைத்திருக்கவேண்டும், எழுதவில்லை. இரண்டு மாத உழைப்பின் வெளித்தோற்றம் இரண்டே இலக்கம் என்பதுதான் இந்தத் தலைப்பின் உண்மையான கஷ்டம். சிமுலேஷனில் ஊறிய ஒருவராவது குரூப்பில் இருந்தால், கட்டளைகளைப் பத்துக்குக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.

சரி, நாலாவது: தமிழ்ப் பெயர்ப்பலகை. கொம்பியூட்டரில் தமிழில் தட்டினால் யூஆர்ட் வழியாக, அதாவது பிட் பிட்டாக ஒரே கம்பியில், போர்டுக்கு வந்து வி.ஜி.ஏ திரையில் எழுத்தாக நிற்கவேண்டும். 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்துக்கு ஒரு பிட்டுக்கு 868 துடிப்பு, அது சுலபம். சுவை எழுத்தில் இருக்கிறது. 247 எழுத்துக்கும் படம் வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, இ ஈ உ ஊ வடிவங்கள் 72, கால் மற்றும் மூன்று வகைக் கொம்பு 4, கூட்டினால் 125. ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்கு ள கைகொடுக்கும். 125 என்றால் ஏழு பிட்டுக்குள் அடக்கம். ஒவ்வொன்றும் 16×16 புள்ளி என்றால் எல்லாம் சேர்த்து ஒரேயொரு 36 கிலோபிட் புளொக் ராமுக்குள் போய்விடும். இந்தக் கணக்கு முதன்முதலாகச் சரிவந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. (ஜ, ஸ கேட்டால் எட்டாவது பிட். ணூ, ஞூ எல்லாம் 16 புள்ளிக்குள் நெரிபடும், ஒருவர் இரவிரவாக இருந்து வரையவேண்டும்.)

யுனிகோட்டில் 'கொ' வரும்போது முதலில் க வரும், பிறகு ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால். ஆகவே மெய்யைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும்வரை காத்திருக்கும் ஸ்டேட் மெஷின் வேண்டும். கடவையின் நிலைமாற்றம், விளையாட்டின் நேரக்கணக்கு, புரோசசரின் நினைவக வேலை மூன்றும் இதில் உண்டு. யூஆர்ட், எழுத்து இயந்திரம், திரை என்று மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். நாள் போதாவிட்டால் யூஆர்ட்டை வெட்டிவிட்டு நிலையான வரியைக் காட்டினாலும் ஒரு வேலை நிற்கிறது.

முதல் சோதனைக்குக் 'கொக்குவில்' என்று அனுப்புங்கள். பத்துக் குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக (யூ.டி.எஃப்-8) 30 பைட் போய் ஏழு உருவமாக வந்து நிற்கும்: பிரியும் குறி, புள்ளி, உகரம், இகரம் எல்லாம் அதில் உண்டு. அது சரியாக வந்தபின் 'வருக' என்று அனுப்புங்கள். பெரும்பாலும் 'வரு' என்றுதான் நிற்கும். கடைசிக் ககரம் இன்னும் மெஷினின் கையில், அடுத்த எழுத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.