இரைச்சலுக்கு நடுவே ஒரு செல்லோ: காசல்ஸ் வாசித்த பாக்

ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த செல்லோ (வயலின் இனத்தின் பெரிய நரம்புக் கருவி) கலைஞர் பாப்லோ காசல்ஸ் 1936-க்கும் 1939-க்கும் இடையில் பதிவுசெய்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்தியன் பாக்கின் ஆறு நடனத் தொகைகள் அடங்கிய இரண்டு குறுவட்டுகளைப் பற்றியது இந்த மதிப்புரை. ‘ஸ்வீட்’ (suite) என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் மிட்டாய்க் கடை நினைவு வருவதால் ‘தொகை’ என்றே சொல்கிறேன். எச்.எம்.வி. நிறுவனம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளில் முதலில் வெளியிட்ட இந்தப் பதிவுகள் பின்னர் ஈ.எம்.ஐ. வழியாகக் குறுவட்டுகளாயின. இப்போது வார்னர், நாக்ஸோஸ் ஆகியோரின் பதிப்புகளாகக் கிடைக்கின்றன.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை ஓட்டின் மேல் விடாமல் தூறுவதுபோல ஒரு இரைச்சல் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கூடவே வருகிறது. ஒலி ஒற்றைத் தடத்தில்தான் இருக்கிறது. பழைய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே அடங்கும் என்பதால், அந்த அளவுக்குள் ஒரு பகுதியை வாசித்து முடிக்கவேண்டிய நெருக்கடி கலைஞருக்கும் இருந்தது. இன்றைய துல்லியமான பதிவுகளுக்குப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது இரைச்சல் பின்னால் போய்விட்டது.

பக்கவாத்தியம் எதுவுமின்றி, நான்கு நரம்புகளும் ஒரு வில்லும் மட்டுமே கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பவரைக் கட்டிவைப்பது எளிதன்று. செல்லோ பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும் கருவி. பாக் அந்த ஒற்றை வரிக்குள்ளேயே இரண்டு மூன்று குரல்கள் உரையாடுவதுபோல எழுதியிருக்கிறார். அக்குரல்களைப் பிரித்துக் காட்டுவது வாசிப்பவரின் வில்லழுத்தத்திலும் மூச்சிலுமே இருக்கிறது. மூன்றாம் தொகையின் தொடக்கத்தில் காசல்ஸ் மேலிருந்து படிப்படியாக இறங்கி, கருவியின் மிகத் தாழ்ந்த நரம்பில் வந்து நிற்பதைக் கேளுங்கள். நம் காதுக்கு அது சங்கராபரணத்தின் அவரோகணம்தான். ஆனால் அந்தக் கடைசி சுரத்தில் அவர் வைக்கும் பாரம், ஒரு கதவைத் திறந்து ஓரமாக நிற்பவரின் தோரணையைத் தருகிறது.

இந்த இசை அவரிடம் வந்து சேர்ந்த கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். 1890-ல், 13 வயதில், தந்தையுடன் பார்சிலோனாத் துறைமுகத்துக்கு அருகே ஒரு பழைய இசைத்தாள் கடையில் துழாவிக்கொண்டிருந்தபோது இத்தொகைகளின் அச்சுப் பிரதி அவர் கையில் கிடைத்தது. அக்காலத்தில் இவற்றைப் பயிற்சிப் பாடங்களாகவே பலர் கருதினர். மேடையில் ஏறினாலும் ஒன்றிரண்டு பகுதிகளே ஏறின. காசல்ஸ் தினமும் சாதகம் செய்தும், ஒரு தொகையை முழுமையாகச் சபையில் வாசிக்கும் துணிவு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பதிவுசெய்ய ஒப்புக்கொண்டபோது அவருக்கு வயது 59. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே இசையோடு குடித்தனம் நடத்தியவர் வாசிப்பது இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், சில இடங்களில் அவர் தாளத்தை நீட்டிச் சுருக்கும் உரிமை மிகையாகத் தோன்றாது.

வட்டுகளில் தொகைகள் ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக உள்ளன. அந்த வரிசையைக் கைவிட்டு, அவை பதிவான வரிசையில் கேட்கவேண்டும் என்பதே என் முக்கியமான பரிந்துரை. இரண்டும் மூன்றும் 1936 நவம்பரில் இலண்டன் அபே ரோடு அரங்கில் பதிவாயின. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பார்சிலோனாவில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த காசல்ஸிடம் மறுநாள் நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது என்ற செய்தி வந்தபோது, பிரிவதற்கு முன் இறுதிப் பகுதியை முழுவதும் வாசித்துவிடலாமா என்று அவர் குழுவினரைக் கேட்டார், அவர்களும் வாசித்தார்கள். ஒன்றும் ஆறும் 1938 ஜூனில் பாரிஸில் பதிவாயின. நான்கும் ஐந்தும் 1939 ஜூனில், மீண்டும் பாரிஸில். அந்த ஆண்டு ஜனவரியிலேயே பார்சிலோனா, அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவின் படையிடம் வீழ்ந்துவிட்டது. வாசித்தவர் அப்போது நாடிழந்தவர்.

ஐந்தாம் தொகையின் சரபாந்த் என்னும் மெதுவான நடனப் பகுதியில் கூட்டுச் சுரங்களே இல்லை. ஒற்றை இழையாக, இடையிடையே ஆதாரமின்றித் தொங்கும் சுரங்கள். காசல்ஸ் அதை அழுகையாக்கவில்லை. சரியான சொல்லைத் தேடி, கிடைக்காமல், அடுத்த சொல்லுக்குப் போகிறவரைப்போல வாசிக்கிறார். இந்த ஒரு பகுதிக்காகவே தொகுப்பை வாங்கலாம்.

இவரை வெறும் வாத்தியக் கலைஞராக மட்டும் மதிப்பிட முடியாது. போருக்கு முன்பே, 1926-ல், குறைந்த கூலி பெறும் தொழிலாளர்களுக்கென ஒரு கச்சேரிச் சங்கத்தைப் பார்சிலோனாவில் அமைத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தம் இசைக்குழுவுடன் அவர்களுக்கு வாசித்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த அழைப்புகளை மறுத்தார். ஃபிரான்ஸின் தென்கோடியில் பிராட் என்னும் சிற்றூரில் தங்கி, முகாம்களில் அடைபட்ட ஸ்பானிய அகதிகளுக்காகக் கடிதம் எழுதியும் பணம் திரட்டியும் உழைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் நேச நாடுகள் ஃபிராங்கோவை விட்டுவைத்ததைக் கண்டு, 1945-ல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தர முன்வந்த பட்டங்களை மறுத்துக் கச்சேரிகளையும் நிறுத்தினார். அவர் ஊரை விட்டு வரமாட்டார் என்பதால் 1950-ல், பாக் மறைந்த இருநூறாம் ஆண்டில், வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன், பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின் போன்றோர் அவர் இருந்த ஊருக்கே வந்து தேவாலயத்தில் வாசித்தார்கள்.

இத்தனை உறுதியோடு இருந்தவர் 1961 நவம்பரில் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் கென்னடி முன் வாசித்தார். அமெரிக்கா அப்போதும் ஃபிராங்கோ அரசை ஏற்றிருந்தது. கென்னடி மீதான நம்பிக்கை காரணம் என்பது புரிகிறது, ஆனாலும் எனக்கு அது சற்று உறுத்துகிறது. அந்நிகழ்ச்சியின் ஒலித்தட்டில் 84 வயதுக் கலைஞரின் முனகல் நரம்பொலியோடு கலந்து கேட்கிறது. ஆர்வமுள்ளவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இத்தொகுப்புக்கு அது ஈடில்லை.

இத்தொகுப்பிலும் மேடு பள்ளம் உண்டு. ஆறாம் தொகை ஐந்து நரம்புள்ள கருவிக்காக எழுதப்பட்டது. நான்கு நரம்புகளில் உச்ச ஸ்தாயியைப் பிடிக்கக் காசல்ஸ் படும் பாடு காதில் விழுகிறது, ஒலியும் அங்கங்கே கீறுகிறது. நான்காம் தொகை எனக்கு ஒட்டவில்லை. செல்லோவையே முதன்முறையாகக் கேட்கப்போகிறவர்கள் இக்காலச் செல்லோ கலைஞர் யோ-யோ மாவின் பதிவுகளில் தொடங்கிவிட்டு இங்கே வருவது நல்லது.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். இதே பதிவை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு அளவில் சுத்தம் செய்து விற்கின்றன. இரைச்சலை அடியோடு துடைத்த பதிப்புகளில் வில் நரம்பைத் தொடும் அந்த முதல் உரசலும் சேர்ந்து போய்விடுகிறது, செல்லோ போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல ஆகிவிடுகிறது. கொஞ்சம் தூறல் மிச்சமிருக்கும் பதிப்பையே எடுங்கள்.